ஆறாவது கையெழுத்து

முதலில் என் பெயரை எடுக்க வேண்டும். தலைப்புக்குக் கீழே உலகம்மை என்று இருக்கிறது, அதற்குக் கீழே துறை, பல்கலைக்கழகம், ஊர், மின்னஞ்சல். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அந்தச் சமாதான ஆய்விதழின் விதி. கட்டுரையை மதிப்பிடுகிறவர்களுக்கு எழுதியது யார் என்று தெரியக் கூடாது, எழுதியவளுக்கு மதிப்பிட்டது யார் என்று தெரியக் கூடாது. எடுத்துவிட்டேன். தலைப்புக்குக் கீழே இப்போது வெள்ளையாக ஓர் இடம், கண் அங்கேயே போகிறது, இத்தனை சுலபமாகவா ஒருத்தி போய்விடுவாள் என்று இருக்கிறது. மணி இரண்டு பத்து. இதழ் நடக்கும் லண்டனில் பகல் பன்னிரண்டுக்குச் சிறப்பிதழுக்குக் கட்டுரை வாங்கும் வாசலை மூடுகிறார்கள், நமக்கு அது மாலை நாலரை. இரண்டு மணி இருபது நிமிடம் என்பது நிறைய நேரம். அடிக்குறிப்புகளில் புள்ளி வைக்க வேண்டிய இடங்களில் வைத்தாயிற்று, சாய்வெழுத்து ஆக வேண்டியவை சாய்ந்தாயிற்று, எண்ணாயிரம் சொல் என்று வரம்பு, முந்நூற்று நாற்பது சொல் கூடுதலாக இருக்கிறது, அதைக் குறைக்க வேண்டும், குறைத்துவிடலாம், முன்னுரையில் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுவார்கள். துறையில் யாரும் இல்லை. எல்லோரும் தேர்வு மேற்பார்வைக்குப் போய்விட்டார்கள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை இடறுகிறது, இடறும்போதெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்த வரியை விட்டுவிட்டு அதற்காகக் காத்திருக்கிறேன். அட்டவணை ஒன்றில் பேட்டி தந்த பதினோரு பேர். பால், வயது, தொழில். ஏழாவது வரிசையில் வில்சன், ஆண், வயதுக்கு நேரே காலி. நான்கு மத்தியானம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், வயதைக் கேட்கவில்லை. ஒரு எண்தானே, ஐம்பது என்று போட்டால் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள் என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம், போன் பண்ணிக் கேளேன், ஒரு நிமிடம்தானே என்கிறது.

வில்சன் என்று ஒருவர் அந்த ஊரில் கிடையாது. கட்டுரையில் ஊருக்கும் பெயர் கிடையாது, கிராமம் ‘அ’. உண்மையில் அவர் தவசிமுத்து, கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் கட்டுகிறவர், ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர் ஒருவர்தான் அந்தத் தொழிலில் இருக்கிறார். கீழத் தெருக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழத் தெரு அம்மன் சப்பரம் நடுத்தெரு வழியாக வருவதா கூடாதா என்று மேலத் தெருவோடு தகராறாகி, கல்லெறிந்து, எட்டு வீட்டு ஓடு உடைந்து, ஒரு பையனுக்குக் கண் போயிற்று. அதற்குப் பிறகு தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். சமாதானக் கூட்டம் என்று ஒன்று நம் ஊர்களில் எப்படி நடக்கும் என்று அந்த இதழின் ஆசிரியர்களுக்குச் சொல்வதற்கே எனக்கு இரண்டு பக்கம் ஆயிற்று. தெருவுக்கு ஆறு பேர், நடுவில் ஆர்.டி.ஓ., ஓரத்தில் டி.எஸ்.பி., தட்டச்சு செய்து தயாராக வைத்திருக்கும் ஒரு தாள், கடைசியில் பன்னிரண்டு கையெழுத்து. அந்தத் தாளின் நகலை நான் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் நாலாவது வரி, சப்பரம் எக்காலத்திலும் நடுத்தெரு வழியாக வராது என்பதைக் கீழத் தெருவினர் மனமுவந்து ஒப்புக்கொள்கின்றனர். மனமுவந்து. அந்தச் சொல்லைப் பற்றித்தான் என் கட்டுரை முழுவதும். ஐந்து பேரிடம் கேட்டேன், ஐந்து பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள், மூணு மணி நேரம் வாதாடினோம், முடியல, கையெழுத்துப் போட்டோம். ஆறாவது ஆள் தவசிமுத்து. மூன்றாம் நாள் மத்தியானம், ஸ்பீக்கர் பெட்டியின் மேல் என்னை உட்கார வைத்துவிட்டு ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். “நான் எதுக்குப் போனேன்னு நெனைக்கிய? அங்க மைக் வேலை செய்யல, செட்டைத் தூக்கிட்டு வான்னு ஆள் விட்டாவ, போனேன். நம்ம பக்கம் அஞ்சு பேருதான் வந்திருந்தாவ, ஒருத்தருக்கு வயித்துக் கடுப்பு. ஆர்.டி.ஓ. என்னைப் பாத்தாரு. ஏய், நீ எந்தத் தெருன்னாரு. கீழத் தெருன்னேன். அப்ப உக்காருன்னாரு. ஒயரைக் கீழ போட்டுட்டு உக்காந்தேன்.” பிறகு டீ வந்ததாம், வடை வந்ததாம். கீழத் தெருவுக்குத் தலைவராக இருந்த மூக்கையா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாராம். இதென்ன எழுதியிருக்கு என்று ஒருவர் கேட்டதற்கு, வழக்கமா எழுதுறதுதான்யா என்று ஒரு குமாஸ்தா சொன்னாராம். மூக்கையா போட்டார், மற்றவர்கள் போட்டார்கள். மொத்தம் கால்மணி நேரம். “திரும்பி வாற வழியில பஸ்ஸுலதான் ஒருத்தர் அந்த நாலாவது வரிய வாசிச்சாரு. பெறகு மூக்கையா மாமா சொன்னாரு, தெருவுல கேட்டா மூணு மணி நேரம் வாதாடினோம்னு சொல்லுங்கன்னு. ஆறு பேரும் அதையேதான் சொன்னோம். இன்னைக்கு வரைக்கும் அதையேதான் சொல்லுதோம். கண்ணு போச்சே அந்தப் பய, அவன் அம்மா எங்கிட்டயே வந்து சொன்னா, நீங்கல்லாம் எங்களுக்காக எம்புட்டு மல்லுக்கட்டியிருக்கியன்னு.” இதுதான் கட்டுரையின் உயிர். நானூற்று முப்பது சொல், பதினேழாம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வரை. மற்றதெல்லாம் அதற்குப் போட்ட வேலி.

பேட்டி கொடுக்கிறவர்களுக்குப் புனைபெயர் வைப்பது எங்கள் வழக்கம். அதை நாமே வைக்காமல் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்ல முறை என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். உங்களுக்கு என்ன பேர் வைக்கட்டும் அண்ணாச்சி என்றபோது ஒரு வாரம் டயம் குடுங்க என்றார். ஒரு வாரம் கழித்துச் சொன்னார், வில்சன். ஏன் என்று கேட்டேன். கோட்டுப் போட்ட மாதிரி இருக்குல்லா என்றார். அன்றைக்கு வீடு வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, சிரித்துக்கொண்டேதான் அவர் நம்பரை அழுத்தினேன், இரண்டு இருபத்தைந்துக்கு. அவர் மனைவி பொன்னுத்தாய் எடுத்தாள். அக்கா, அண்ணாச்சி இருக்காங்களா என்றேன்.

“யாரு, வில்சனா?” என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். “வில்சன் கல்யாண வீட்டுக்குச் செட்டுக் கட்டப் போயிருக்காரு. போனை வச்சிட்டுப் போயிட்டாரு.”

“அந்தப் பேரை உங்ககிட்டச் சொல்லிட்டாங்களாக்கா?”

“எங்கிட்டயா? ஊருக்கே சொல்லிட்டாரு. டீக்கடையில போய் உக்காந்துக்கிட்டு, இனிமே என்னைத் தவசின்னு கூப்பிடாதிய, லண்டன் புஸ்தகத்துல என் பேரு வில்சன்னுட்டாரு. சின்னப் பிள்ளையெல்லாம் வில்சன் தாத்தாங்கு. போன வாரம் ஸ்பீக்கர் பொட்டியில பெயிண்டுல எழுதிப்புட்டாரு, வில்சன் சவுண்ட் சர்வீஸ்னு. நான் கேட்டேன், ஞானஸ்நானம் எப்ப எடுத்தீருன்னு.”

“என்ன பேசினோம்னும் சொன்னாங்களா?”

“அது என்னத்தப் பேசினியளோ. எங்கிட்ட மூச்சு விடல.”

வயதைக் கேட்டேன். ரேஷன் கார்டில் ஐம்பத்து நாலாம், அவர் சொல்வது நாற்பத்தொன்பதாம், லண்டனுக்கு எது நல்லா இருக்குமோ அதைப் போடுங்க என்றாள். ஐம்பத்து நாலு என்று கட்டத்தில் அடித்தேன். விரல் அடித்துவிட்டது. அட்டவணை முழுமையாகிவிட்டது. வில்சன், ஆண், ஐம்பத்து நாலு, ஒலிபெருக்கி அமைப்பவர்.

பெயரை மாற்றிவிடலாம், அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. தேடு என்று கொடுத்தால் நாற்பத்தொரு இடம் காட்டுகிறது, ஒரே அழுத்தில் நாற்பத்தொரு வில்சனும் வேறு யாராவது ஆகிவிடுவார்கள். ஆனால் ஒலிபெருக்கி இருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சுயதொழில் என்று போட்டேன். மைக் கட்டப் போனவர் எப்படி உட்கார்ந்தார் என்பது இருக்கிறது, அதை எடுத்தால் கதையே இல்லை, சரி, தற்செயலாக அங்கே இருந்த ஒருவர் என்று எழுதினேன். தற்செயலாக இருந்தது அவர் ஒருவர்தான். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் என்று மட்டும் எழுதினேன். ஆறு பேர். ஆறு பேரில் யார் என்று மற்ற ஐந்து பேரும் கேட்பார்கள், ஐந்து பேரும் நான் இல்லை என்பார்கள், நான் நாலு மத்தியானம் யார் வீட்டு வாசலில் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன் என்று தெருவே பார்த்தது, தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். எதை எடுத்தாலும் அவர் மிச்சம் இருக்கிறார், எடுத்ததையெல்லாம் பழையபடியே திருப்பி வைத்தேன். என் பெயரை எடுக்க ஐந்து நொடி ஆயிற்று. அவரை எடுக்கவே முடியவில்லை. கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன், மூலையில் கொஞ்சம் மண் கிடந்துகொண்டே இருக்கிறது. யார் வாசிக்கப் போகிறார்கள், ஆங்கிலம், அதிலும் பதினேழாம் பக்கம். ஆனால் இதழ் இணையத்தில் எல்லோருக்கும் இலவசம், அதைப் பெருமையாக முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள், கீழத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் இந்த வளாகத்தில்தான் படிக்கிறார்கள், அதில் ஒருத்தி மூக்கையாவின் பேத்தி, போன மாதம் நூலகத்தில் என்னைப் பார்த்து, மேடம் எங்க ஊரப் பத்தி எழுதுதியளாமே, வந்ததும் சொல்லுங்க என்றாள். சொல்கிறேன்மா என்று நானும் சொன்னேன்.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். துறைத் தலைவர் ஜெபராஜ் சார், தேர்வு அறையிலிருந்து ஸ்டேப்ளர் எடுக்க வந்திருக்கிறார். “இன்னும் அனுப்பலியா உலகம்மை? உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கமிட்டி பதினஞ்சாம் தேதி, தெரியும்ல?” தெரியும். இந்தக் கட்டுரை அனுப்பியதற்கான சான்று இல்லாமல் அடுத்த வருஷம் இந்த நாற்காலி இல்லை. “ஒருத்தர் அடையாளம் தெரிஞ்சுடும் போல இருக்கு சார்” என்றேன். “எவன் வாசிக்கப் போறான்? மொத்தம் நாலு பேர் வாசிப்பான். ரெண்டு பேர் மதிப்பிடுறவன், ஒண்ணு நீ, ஒண்ணு நான். நானும் சுருக்கத்தோட நிறுத்திக்குவேன்.” அந்த ஊர்ப் பெண் இங்கே படிப்பதைச் சொன்னேன். ஸ்டேப்ளரைத் திறந்து உள்ளே பின் இருக்கிறதா என்று பார்த்தார். “அப்ப எடுத்துரு” என்றார். பிறகு வாசல் வரை போய்த் திரும்பி, “எடுத்துட்டா உன் கட்டுரையில என்ன இருக்கும்?” என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே அடுக்களை. அம்மா சொல்வாள், வேணும்னா வந்து கொட்டிக்கச் சொல்லுடி. நான் முன்கட்டுக்குப் போய், அப்பா, அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க என்பேன். அவர் சொல்வார், ஏன், அவ கையில சாப்பிட்டுச் சாகவா. நான் உள்ளே வந்து, அப்பா கொஞ்ச நேரம் கழிச்சு வராங்களாம் என்பேன். இடையில் பத்தடி நடை. அந்தப் பத்தடிக்குள் சொல்லை மாற்றிவிடுவேன். என் சொற்களால்தான் வீடு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அம்மா மாமா வீட்டுக்குப் போய்விட்டாள், அப்பா திகைத்துப் போய் என்னிடம் கேட்டார், நல்லாத்தானடி இருந்தா? ஆமாப்பா என்றேன். அவள் எவ்வளவு கோபத்தில் இருந்தாள் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இதை ஏன் இப்போது நினைக்கிறேன். மணி மூன்று ஐந்து. முன்னுரையில் ஒரு பத்தியை எடுத்தேன், நூற்றிருபது சொல் குறைந்தது. பதினேழாம் பக்கத்துக்கு வந்தேன், வாசித்தேன், மறுபடி முன்னுரைக்குப் போனேன். விசிறி இடறியது. கல் உரசும் மாவு இயந்திரம் மாதிரி அதே இடம், அதே இடம். அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அவரைக் கேட்டால் இருக்கட்டும் என்பார், அல்லது எடுத்துவிடுங்கள் என்பார், இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்குத் தாங்காது என்று தெரிந்ததால்தானே இன்னொரு முறை பொன்னுத்தாயைக் கூப்பிட்டு, வந்தால் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லாமல் இருக்கிறேன்.

மூன்று இருபதுக்கு அவரே கூப்பிட்டார்.

“டீச்சரம்மா, தேடினியளாம்லா? சோறு திங்க வந்தேன்.”

சொன்னேன். பெயர் ஊருக்கே தெரிந்துவிட்டதே அண்ணாச்சி, பெயர் எதற்கு வைக்கிறோம் என்று அன்றைக்கே சொன்னேனே என்றேன். முதலில் சிரித்தார். பேருதானம்மா சொன்னேன், விஷயத்தச் சொல்லலியே என்றார். புத்தகத்தில் வில்சன் என்ற பெயருக்குக் கீழேதான் அந்த விஷயம் இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. கல்யாணக் கொட்டகையில் யாரோ பாட்டுப் போட்டு நிறுத்துவது தூரத்தில் கேட்டது.

“மூக்கையா மாமாவுக்கு இங்கிலீசு தெரியாதே.”

“அவர் பேத்திக்குத் தெரியும் அண்ணாச்சி.”

“ஆமா, அது படிச்சிரும்.” பிறகு, “என்னைப் பத்தி என்னதான் எழுதியிருக்கிய? வாசிங்க, கேப்போம்” என்றார்.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அவர் சொன்னதை நான் ஆங்கிலமாக்கியபோதே அவர் ஒரு பேராசிரியரைப் போலப் பேச ஆரம்பித்திருந்தார், இப்போது அதை மறுபடி தமிழாக்கும்போது அது அவருடைய பேச்சாகவும் இல்லை, என்னுடையதாகவும் இல்லை. மேற்கோளுக்குக் கீழே என் விளக்கம் வந்தது. இங்கே பிரதிநிதி என்பவர் தம் மக்களால் அனுப்பப்பட்டவர் அல்லர், எண்ணிக்கையை நிறைக்க அமர்த்தப்பட்டவர், அவருடைய கையெழுத்து ஒப்புதலைக் காட்டவில்லை, ஒப்புதல் இல்லாததை மறைக்கிறது, பின்னர் அவர் தம் தெருவிடம் சொன்ன பொய்யே அந்த உடன்பாட்டை இரண்டு ஆண்டுகள் காப்பாற்றியது. எழுதிய அன்று அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இரண்டு முறை எழுந்து நடந்தேன். இன்னொரு தடவை வாசிங்க என்றார். வாசித்தேன்.

“நான் செட்டுக் கட்டத்தானம்மா போனேன்” என்றார்.

அதையும் எழுதியிருக்கேன் அண்ணாச்சி என்றேன். கேட்டாரோ என்னவோ. பிறகு குற்றம் சொல்கிற குரல் எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்டார். “நீங்க ஒரு காகிதம் நீட்டினியளே, கையெழுத்துப் போட்டனே, அதுல இதெல்லாம் இருந்துச்சா?”

இருந்தது. இரண்டு பக்கம். மூன்றாவது பத்தியில், பெயர் மாற்றப்பட்டாலும் அடையாளம் காணப்படும் வாய்ப்பு உண்டு, அதனால் சமூக அளவில் பாதிப்பு ஏற்படலாம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது, நானே தமிழில் எழுதி, நானே தட்டச்சு செய்தது. அன்று பொன்னுத்தாய் கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்து வைத்தாள். இது என்னம்மா என்று அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லார்கிட்டயும் வாங்குற வழக்கமான படிவம்தான் அண்ணாச்சி என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. கீழே வைத்து எழுத அட்டை இல்லாமல் ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துப் போட்டார், தவசிமுத்து என்று ஒவ்வோர் எழுத்தாக. அந்தக் குமாஸ்தாவைப் பற்றி எழுதும்போது நான் அலட்சியம் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

“இருந்துச்சு அண்ணாச்சி” என்றேன். “நான் வாசிச்சுக் காட்டியிருக்கணும்.”

“அதுக்கென்ன” என்றார். “நீங்க படிச்சவிய. பாத்துச் செய்ங்க.” போனை வைத்துவிட்டார்.

பாத்துச் செய்ங்க. இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை, எடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஆர்.டி.ஓ.விடமும் இதைத்தான் சொல்லியிருப்பார். மறுபடி கூப்பிட்டுத் தெளிவாகக் கேட்கலாம், அவர் கொட்டகைக்குப் போயிருப்பார், போனை வீட்டில் வைத்துவிட்டு. கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து நின்றது. பொன்னுத்தாய்கூட எடுக்கவில்லை. மணி மூன்று ஐம்பது. எனக்கு வேலை வேண்டும், அதில் ஒன்றும் தப்பில்லை. அவருக்கும் அந்தத் தெருவில் இருக்க வேண்டும், நாளைக்குக் காலையில் அதே டீக்கடைக்குப் போக வேண்டும், கண் போன பையனின் அம்மா எதிரே வருவாள். சந்தேகம் வந்தால் விட்டுவிடு என்று நாங்கள் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், பேட்டி கொடுத்தவருக்குத் தீங்கு வரும் என்று சந்தேகம் இருந்தாலே போதும். கரும்பலகையில் எழுதிப்போட்டு அடிக்கோடு இட்டிருக்கிறேன். பதினேழாம் பக்கத்தின் நடுவில் சுட்டியை வைத்து பத்தொன்பதாம் பக்கம் வரை இழுத்தேன். நீலமாயிற்று. ஒரு விரல். பக்கம் சட்டென்று மேலே ஏறிக்கொண்டது, கீழே இருந்த பத்தி வந்து மேலே இருந்த பத்தியோடு ஒட்டிக்கொண்டது. சொல் எண்ணிக்கை வரம்புக்குள் வந்துவிட்டது. அட்டவணையில் ஏழாம் வரிசையை எடுத்தேன், எட்டு ஏழானது, பத்துப் பேர். இரண்டு பத்திக்கும் நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் தேவைப்பட்டது, இல்லாவிட்டால் வாசிக்கிறவருக்குத் தட்டும். கூட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு இப்போது என்னிடம் மீதம் இருப்பது ஐந்து பேர் சொன்னதும் அந்தத் தாளும்தான். எழுதினேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு இரு தரப்பிலும் அறுவர் கையெழுத்திட, உடன்பாடு எட்டப்பட்டது. எழுதி முடித்துப் பார்த்தேன். இலக்கணம் சரியாக இருந்தது. ஆதாரக் குறிப்பும் போட முடிந்தது. மனமுவந்து என்ற சொல்லைப் பற்றிய என் கேள்விகளில் பாதிக்கு இனி ஆதாரம் இல்லை, அவற்றையும் எடுத்தேன், மிச்சம் இருந்தவை முனை மழுங்கி நின்றன. ஆனாலும் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனிதர் இத்தனை பக்கம் பேசிவிட்டுப் போன இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

பதிவேற்றும் பக்கம் ஒவ்வொன்றாகக் கேட்டது. தலைப்பு, சுருக்கம், ஆறு முக்கியச் சொற்கள், அமைதி, உடன்பாடு என்று தொடங்கி. பங்கேற்ற அனைவரும் விவரம் அறிந்து ஒப்புதல் தந்தனர் என்று ஒரு கட்டம், அதில் குறி வைக்காவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. மற்ற பத்துப் பேருக்கும் வாசித்துக் காட்டினேனா என்று நினைத்துப் பார்த்தேன், இரண்டு பேருக்குக் காட்டிய ஞாபகம். குறி வைத்தேன். நாலு இருபத்தாறுக்கு, கிடைத்தது, நன்றி என்று ஒரு கடிதம் வந்தது. அதை அச்செடுத்து ஜெபராஜ் சார் மேசையில் வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். உடம்பில் காய்ச்சல் விட்டுப் போன மாதிரி ஒரு வெறுமை, ஒரு பாதுகாப்பு, எப்படியோ ஒருவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தபோது, நாலு நாற்பதுக்கு போன் அடித்தது.

“டீச்சரம்மா, அனுப்பிட்டியளா?”

“இப்பத்தான் அண்ணாச்சி.”

“நல்லதாப் போச்சு. எங்க, நீங்க பயந்து நிப்பாட்டிருவியளோன்னு ஓடி வந்தேன்.” மூச்சு வாங்கியது. “போனை வச்சதும் அந்தாலே கொட்டகைக்குப் போகல. டீக்கடைக்குப் போனேன். மூக்கையா மாமா இருந்தாரு. நானே சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னீங்க?”

“நாம வாசிக்காமப் போட்டதை நான் டீச்சர்கிட்டச் சொல்லிட்டேன், புஸ்தகத்துல வரப்போகுது, உம்ம பேத்தி வாசிக்கும், அதுக்கு முந்தி நீரே தெருவுல சொல்லிரும்னேன். செருப்பத் தூக்கிட்டாரு. ஏச்சுன்னா ஏச்சு, என் அப்பன் பாட்டன் ஒருத்தரையும் விடல. பெறகு உக்காந்துட்டாரு. ரெண்டு வருஷமா ராத்திரி உறக்கம் இல்லலே தவசின்னாரு. எனக்கு மட்டும் இருந்துச்சான்னேன்.” பின்னால் பொன்னுத்தாய் ஏதோ சொன்னாள், இரும்மா, பேசிக்கிட்டிருக்கம்லா என்று அவளை அதட்டினார். “நாளைக்குத் தெருக்கூட்டம் போடுதோம். ஆறு பேரும் எந்திரிச்சு நின்னு சொல்லப் போறோம். அடி விழுந்தா விழட்டும். சொல்லிட்டு, அந்த நாலாவது வரி செல்லாதுன்னு கலெக்டருக்கு மனு எழுதுறதுன்னு பேச்சு. அதுக்கு ஆதாரம் கேப்பாவள்லா. நாங்க சொன்னா எவன் நம்புவான், ரெண்டு வருஷம் கழிச்சு வந்து சொல்லுதான்பான். உங்க புஸ்தகத்துல எழுத்துல இருக்குல்லா. மனு எழுதும் முன்னாலயே ஒரு படிச்ச பிள்ள வந்து கேட்டு எழுதியிருக்குன்னு காட்டலாம்லா.”

திரையில் அந்தக் கடிதம் திறந்தே இருந்தது. அனுப்பிய கட்டுரையைத் திருத்த முடியாது, திரும்பப் பெறலாம், பெற்றால் இந்தச் சிறப்பிதழில் மீண்டும் இடம் இல்லை என்று சிறிய எழுத்தில் இருந்தது. உள்ளே, பதினேழாம் பக்கத்தில், நீண்ட விவாதத்துக்குப் பிறகு உடன்பாடு எட்டப்பட்டது. சொல்லிவிட வேண்டும். இப்போதே, இந்த மூச்சிலேயே சொல்லிவிட வேண்டும், அண்ணாச்சி, நீங்க அதுல இல்ல. நாலே சொல். வாயைத் திறந்தேன்.

“இந்தத் தடவை வாசிச்சுக் கேட்டுட்டுத்தானம்மா சம்மதம் சொல்லுதேன்” என்றார் அவர். “எப்ப வரும் புஸ்தகம்?”

“ஆறு மாசம் ஆகும் அண்ணாச்சி” என்றேன்.

“ஆகட்டும், ஆகட்டும். அதுவரைக்கும் மனுவ அனுப்பாம வச்சிருக்கோம்.”